எட்டு மில்லி இரும்பு பதினொன்று ஆன விவரம்

மதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய பெரிய மச்சான் அவர்களுக்கு,

நீச்சல்குள மேனேஜராகிய உங்கள் தங்கை கணவன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் இருவரும் சுகம். அங்கே நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் குறையொன்றும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் முழங்கால் வலியைப் பற்றி மட்டும் தனியாக நாலு வரி எழுதவும். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் நான் "மச்சான்" என்று ஆரம்பித்தால், "அதை விடுங்க மாப்பிள்ளை, நான் சொல்றதைக் கேளுங்க" என்று நீங்கள் முடித்துவிடுவீர்கள். இருபத்தாறு வருடமாக இப்படித்தான் நடக்கிறது. கடிதத்தில் நடுவே புகுந்து பேச வழி கிடையாது என்பது எனக்கு நேற்றுதான் உறைத்தது. ஆகவே உட்காருங்கள், கண்ணாடியைப் போட்டுக்கொள்ளுங்கள். நான் ஜெயித்துவிட்டேன்.

விஷயம் பல் டாக்டரின் தலையில் ஆரம்பித்தது. எங்கள் குளம் கூரை போட்ட கூடத்துக்குள் இருக்கிற குளம் என்பது உங்களுக்குத் தெரியும். ஒருமுறை வந்து பார்த்துவிட்டு, தண்ணீர் ரொம்ப நீலமாக இருக்கிறது என்று குறை சொல்லிவிட்டுப் போனீர்கள். அங்கே தினமும் காலை ஆறு மணிக்கு ஒரு பல் டாக்டர் வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு மூன்றாவது லேனில் நீந்துவார். யாரிடமும் வாய் திறக்கமாட்டார்; நாள் முழுக்க அடுத்தவர் வாயையே பார்க்கிறவருக்கு அலுத்துப்போயிருக்கும். அவர் ஒரு நாள் ஈரம் சொட்டச் சொட்ட என் மேசைக்கு வந்து, தொப்பியைக் கழற்றி வைத்து, "மேனேஜர், மேலேருந்து யாராவது டீ ஊத்துறாங்களா?" என்றார். தொப்பியின் உச்சியில் பழுப்பு நிறத்தில் ஒரு வட்டம். நான் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் மூன்றாவது லேனின் சுவரோரம் போட்டு உட்கார்ந்து, ஒரு வெள்ளைத் தட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் காத்திருந்தேன். பதினொரு சொட்டு விழுந்தது. விரலால் தேய்த்துப் பார்த்தால் துரு. நேராகப் போய், குளத்தை நடத்துகிற சங்கத்தின் செயலாளரிடம் தட்டைக் காட்டினேன். அவர் தட்டைப் பார்க்கவே இல்லை. "வர்ற சனிக்கிழமைக்கு அடுத்த சனிக்கிழமை போட்டி. பன்னிரண்டு பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க வராங்க, ஐநூறு பேர் உட்காரப் போறாங்க, இப்போ வந்து கூரை கீரைன்னு ஆரம்பிக்காதீங்க" என்றார். பிறகுதான் மச்சான், உங்களுக்குப் போன் போட்டேன். கட்டட மேற்பார்வையாளராக முப்பத்துநாலு வருடம் இருந்து ஓய்வு பெற்றவர் என்கிற மரியாதையில் போட்டேன். அங்கிருந்தபடியே, கூரையைப் பார்க்காமலே, "ரெண்டு கோட் பெயிண்ட் அடிச்சு விடுங்க மாப்பிள்ளை, தானா வாயை மூடிக்கும்" என்றீர்கள். கூரையைச் சொன்னீர்களா என்னைச் சொன்னீர்களா என்று இன்று வரை தெரியவில்லை.

தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு அந்தக் கூரைக்குக் கீழே அறுபது பிள்ளைகள் நீந்துகிறார்கள். அதனால் நான் விடவில்லை. செயலாளரைப் பார்க்கும்போதெல்லாம் தட்டை நீட்டினேன். என் தொல்லை தாங்காமல் அவர் ஓர் அளவுக்காரரைப் பிடித்துக்கொண்டு வந்தார். அளவுக்காரர் கையில் ஒரு பளபளப்பான கருவி, அதிலிருந்து ஒரு ஒயர், ஒயர் நுனியில் சட்டைப் பொத்தான் அளவு ஒரு வட்டம். அந்த வட்டத்தை இரும்பின் மேல் வைத்து அழுத்தினால், இரும்பு எத்தனை மில்லிமீட்டர் கனம் என்று எண் வரும். அவர் ஏணியில் ஏறி, ஃபால்ஸ் சீலிங்கில் ஆள் நுழைவதற்கென்று விட்டிருக்கிற சதுர ஓட்டைக்குள் இடுப்பு வரை போனார். அதற்கு மேல் போகவில்லை. அவருடைய செருப்பை நான் கடைசி வரை பார்த்துக்கொண்டே இருந்தேன். கைக்கு எட்டிய உத்தரத்தில் வட்டத்தை வைத்து, "பதினொண்ணு!" என்று கத்தினார். வரைபடத்தில் அந்த உத்தரத்தின் தகடு எட்டு மில்லி. "எட்டு இருக்க வேண்டிய இடத்துல பதினொண்ணு இருக்கு சார், இந்த மாதிரி இரும்பை நான் பார்த்ததே இல்லை" என்று செயலாளர் கையைக் குலுக்கி, முத்திரை குத்திய அறிக்கையைக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஒளிக்காமல் சொல்கிறேன் மச்சான், இரண்டு நாள் நானும் நம்பினேன். நம்பியது மட்டுமல்ல, தலைகால் புரியாமல் திரிந்தேன். இந்தப் பத்தொன்பது வருடத்தில் அந்த உத்தரங்களுக்கு நாலு தடவை பெயிண்ட் அடிக்க வைத்தவன் நான். என் பராமரிப்பில் இரும்பு தேறி உடம்பு போட்டுவிட்டது என்று காவலாளியிடம் சொன்னேன், டிக்கெட் கொடுக்கிற பெண்ணிடம் சொன்னேன், பல் டாக்டரிடமும் சொன்னேன். அவர் வழக்கம்போல் வாய் திறக்கவில்லை, ஆனால் நாலாவது லேனுக்கு மாறிவிட்டார். வீட்டுக்கு வந்து உங்கள் தங்கையிடமும் சொன்னேன். அவள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தாமலே, "எட்டு எப்படிங்க பதினொண்ணாகும்? இரும்பு என்ன வளர்ற புள்ளையா, வருஷா வருஷம் பேன்ட் பத்தாமப் போக?" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. விளக்கம் கேட்க மறுபடியும் உங்களுக்கே போன் செய்தேன். அப்போது நீங்கள் சொன்னதை உடனே காலண்டர் தாளின் பின்பக்கம் குறித்து வைத்தேன், ஓர் எழுத்து மாறாமல் தருகிறேன்: "பழைய இரும்பு மாப்பிள்ளை. வெயில்ல விரியும். விரிஞ்சு விரிஞ்சு ஒரு கட்டத்துல அப்படியே நின்னுடும். நல்ல இரும்புன்னா அப்படித்தான்." இந்தத் தாளை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

நாலு மணி வகுப்புக்கு மகளைக் கூட்டிக்கொண்டு வருகிற அம்மா ஒருவர் உண்டு. மற்ற அம்மாக்கள் எல்லாம் பிள்ளை ஒழுங்காகக் கையை வீசுகிறதா என்று தண்ணீரைப் பார்ப்பார்கள். இவர் மட்டும் அண்ணாந்து மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"இந்த சீலிங்குக்கு மேல என்ன சார் இருக்கு?"

"கூரைம்மா."

"நடுவுல?"

"காத்து."

"அந்தக் காத்து எப்படி வெளியே போகும்?"

பத்தொன்பது வருடத்தில் என்னை யாரும் கேட்காத கேள்வி. "எங்கேயும் போகாதும்மா, பாவம், அங்கேயே இருக்கும்" என்றேன், ஏதோ ஒழுக்கமான பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோல. அவர் முகம் மாறிவிட்டது. "குளத்துக் குளோரின் ஆவியோட மேல போய் உட்கார்ந்திருக்கும் சார். இரும்பைத் தின்னுடும்" என்றார். பாலம், தொழிற்சாலை என்று ஊர் ஊராகப் போய் இரும்பில் துரு பார்க்கிற இன்ஜினியர் அவர் என்று அப்போதுதான் தெரிந்தது. அறிக்கையை எடுத்துக் காட்டினேன். "பதினொண்ணா?" என்று இரண்டு தடவை படித்தார். "பெயிண்டைச் சுரண்டிட்டு அளந்தாரா, சுரண்டாம அளந்தாரா?" என்று கேட்டார். "சுரண்டவா? நான் விடுவேனா? போன வருஷம் அடிச்ச பெயிண்ட்மா!" என்றேன். அவருக்கு உதட்டோரம் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். திங்கட்கிழமை காலை குளம் கழுவுகிற நேரம், ஆள் இருக்காது, வந்து பார்க்கிறேன், என் பொண்ணு நீந்துற இடமாச்சே என்றார். செயலாளரிடம் கேட்காமலே வரச் சொல்லிவிட்டேன். அன்று எனக்கு எங்கிருந்து அவ்வளவு தைரியம் வந்தது என்று தெரியவில்லை. நான் உங்களுக்குப் போன் செய்யாதது ஒரு காரணமாக இருக்கலாம்.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு இன்ஜினியர் அம்மா ஒரு பையுடன் வந்தார். சுத்தியல், கம்பி பிரஷ், சுரண்டி, டார்ச், சாக்பீஸ், அதே மாதிரி ஓர் அளவுக் கருவி. நானும் மேலே வருகிறேன் என்றேன். எனக்கு ஒரு ஹெல்மெட் கொடுத்தார். அது கண்ணை மறைத்தது. தூக்கிவிட்டால் நழுவியது. அவரும், ஏணி பிடிக்க நான் வரவழைத்திருந்த எங்கள் பெயிண்டரும் என் இடுப்பிலும் தொடையிலும் பெல்ட்டைக் கட்டி இறுக்கினார்கள், மூச்சு விடவா வேண்டாமா என்று கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. அவர் அந்தச் சதுர ஓட்டையில் பூனை மாதிரி நுழைந்து போய்விட்டார். நான் பாதியில் மாட்டிக்கொண்டேன். உங்கள் தங்கையின் கைப்பக்குவத்தைப் பற்றி நீங்கள் ஊரெல்லாம் பெருமை அடிப்பீர்களே, அதில் பொய் இல்லை என்று அங்கே நிரூபணம் ஆனது. கீழேயிருந்து பெயிண்டர் என் பாதங்களைத் தோளில் தாங்கித் தள்ள, மேலேயிருந்து இன்ஜினியர் அம்மா பெல்ட்டைப் பிடித்து இழுக்க, நான் இரண்டாம் முறை பிறந்தேன். பிறந்த வேகத்தில் சட்டைப்பையிலிருந்த போன் நழுவி, சீலிங் பலகையின் மேல் வழுக்கிக்கொண்டு போய் யாருக்கும் எட்டாத மூலையில் நின்று மணியடிக்க ஆரம்பித்தது. அழைத்தது நீங்கள்தான் மச்சான். எட்டு தடவை அடித்தீர்கள். உங்கள் பேச்சைக் கேட்காமல் நான் செய்த முதல் காரியம் இப்படியாக மங்கள இசையோடு தொடங்கியது.

அளவுக்காரர் அளந்த அதே இடத்தில்தான் அவர் முதலில் கை வைத்தார். கருவியை வைத்தார், பதினொன்று. பிறகு சுரண்டியால் ஒரு கீறு கீறி, பெயிண்டை ஓடாகப் பெயர்த்து என் கையில் கொடுத்தார். மேலே வெள்ளை, அதற்கடியில் நீலம், பச்சை, சந்தன நிறம், எல்லாவற்றுக்கும் கீழே நான் வருவதற்கு முன் யாரோ அடித்த சிவப்பு. என் பத்தொன்பது வருட உத்தியோகம் ஒரு மில்லிக்குக் கொஞ்சம் கூடுதலாக என் உள்ளங்கையில் இருந்தது. இரும்பைப் பிரஷ் போட்டுத் தேய்த்துவிட்டு மறுபடி கருவியை வைத்தார். எட்டு. "கருவிக்கு இரும்பு எது, பெயிண்ட் எதுன்னு தெரியாது சார். அது சத்தத்தை உள்ளே அனுப்பி, திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகுதுன்னு பார்க்கும். பெயிண்ட்ல சத்தம் மெதுவாப் போகும். ஒரு மில்லி பெயிண்டை ரெண்டரை மில்லி இரும்புன்னு சொல்லிடும்" என்றார். ஆக மச்சான், எந்த இரும்பும் வெயிலில் விரியவில்லை, விரிந்து அப்படியே நிற்கவும் இல்லை. எட்டாகப் பிறந்தது எட்டாகவே இருக்கிறது. என் பெயிண்ட்தான் மீதி மூன்று.

"இது ஓட்டையோர இரும்பு, காத்து படுற இடம், நல்லாத்தான் இருக்கும். அந்தக் கோடிக்குப் போவோம்" என்று அவர் உத்தரங்களுக்கு நடுவே போட்டிருந்த நடைபலகைமேல் தவழ ஆரம்பித்தார். நானும் பின்னாலேயே தவழ்ந்தேன். ஒவ்வோர் உத்தரமாகச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனார். டங், டங் என்று கோயில் மணி மாதிரி கேட்டது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. மூன்றாவது லேனுக்கு நேர் மேலே, உத்தரம் சுவரில் போய் உட்காருகிற இடத்துக்கு வந்ததும் தட்டினார். பொத் என்றது. இன்னொரு தரம் தட்டினார். பொத். சுரண்டியை வைத்து லேசாகத் தள்ளினார். வெள்ளை வெளேரென்று இருந்த என் பெயிண்ட் தோலாக மடங்கியது, அதன் பின்னால் இரும்பு பிஸ்கட் மாதிரி அடுக்கடுக்காகக் கழன்று விழுந்தது. சுத்தம் செய்து அளந்ததில் ஓரிடத்தில் மூன்றரை, ஓரிடத்தில் இரண்டு, ஓரிடத்தில் கருவி எண்ணே காட்டவில்லை. சீலிங்கைத் தாங்குகிற கம்பிகளில் ஒன்றை அவர் விரலால் தொட்டார்; அது கையோடு வந்துவிட்டது. கறை பிடித்த சீலிங் பலகை ஒன்றை நகர்த்திப் பார்த்தோம். நேர் கீழே மூன்றாவது லேன். பிள்ளைகள் குதிப்பதற்கு முன்னால் வரிசையாக நின்று நடுங்குகிற இடம் அதுதான். ஒவ்வொரு தடவையும் பெயிண்ட் அடித்து முடித்ததும் கீழே நின்று, ஆஹா எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்று ரசித்தவன் நான். நோயாளிக்குப் புதுச்சட்டை போட்டுவிட்டு நலமாகிவிட்டான் என்று பத்தொன்பது வருடம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். இன்ஜினியர் அம்மா சாக்பீஸால் அங்கே பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டார். கீழே இறங்கும்போது ஓட்டையில் நான் மாட்டவில்லை. அந்த நாலு மணி நேரத்தில் இளைத்திருந்தேன்.

மூன்றரை மணிக்குக் கூடத்தின் பெரிய கதவைப் பூட்டி, சாவியை உள்பையில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றேன். பிள்ளைகள் கண்ணாடியும் துண்டுமாக வந்து குவிந்தார்கள். யாரோ போன் செய்து செயலாளர் ஓடிவந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேன்ட், போட்டிக்கு அச்சடித்த அழைப்பிதழ் ஒரு கட்டு கையில்.

"சாவியைக் குடுங்க."

"தரமாட்டேன்."

"அறிக்கையில நல்லா இருக்குன்னு இருக்கே!"

"அறிக்கை பெயிண்டை அளந்திருக்கு சார். இரும்பை அளக்கலை."

"உங்க வேலையை நினைச்சுப் பாருங்க மேனேஜர்."

நினைத்துப் பார்த்தேன். வேலை போனால் குளத்தை ஒட்டி எங்களுக்குக் கொடுத்திருக்கும் இரண்டு அறை வீடும் போகும். வீடு போனால் உங்கள் தங்கையின் முகத்தில் எப்படி விழிப்பேன்? ஆனால் என் வாய், இத்தனை வருடம் உங்கள் முன்னால் மூடியே பழகிய அதே வாய், "போனாப் போகட்டும் சார், ஒரு பிள்ளையும் உள்ளே போகாது" என்றது. குரல் கீச்சென்று வந்தது. பரவாயில்லை, எல்லோருக்கும் கேட்டது. கூட்டத்தில் பின்னாலிருந்து பல் டாக்டர், "அவர் சொல்றது சரி" என்றார். அவருக்குக் குரல் இருப்பது பாதிப்பேருக்கு அன்றுதான் தெரியும்.

இன்ஜினியர் அம்மா கோபப்படவே இல்லை. சுத்தியலைச் செயலாளரிடம் நீட்டி, "நீங்களே மேல போய் ஒரு தட்டுத் தட்டிப் பாருங்க சார். பெருக்கல் குறி போட்டிருக்கேன். நல்லா இருந்தா நாங்களே கதவைத் திறந்துடுறோம்" என்றார். அத்தனை பேர் பார்க்கும்போது மாட்டேன் என்று சொல்ல முடியுமா? பின் கதவு வழியாக, பெல்ட்டைக் கட்டி ஏற்றினோம். நானும் பெயிண்டரும் ஏணியைப் பிடித்துக்கொண்டோம். அவர் தவழ்ந்து போகிற சத்தம் கேட்டது. "நூறு வருஷம் நிக்கும்யா இது!" என்று மேலேயிருந்து ஒரு குரல். அந்தச் சுத்தியலுக்கு ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் கூர். கோபத்தில் அவர் எந்தப் பக்கத்தால் ஓங்கினாரோ, க்ரச் என்று ஒரு சத்தம். அப்புறம் முனகல், இழுக்கிற சத்தம், மறுபடி முனகல். கால் மணி நேரம் கழித்துச் செயலாளர் இறங்கி வந்தார், தலையிலிருந்து முழங்கால் வரை பழுப்பு நிறத்தில். கை வெறுங்கையாக இருந்தது. "சுத்தியல் எங்கே சார்?" என்றேன். "வர மாட்டேங்குது" என்றார். பிறகு, யார் முகத்தையும் பார்க்காமல், "பூட்டினது பூட்டினதாவே இருக்கட்டும்" என்றார். வாசலில் பெற்றோர்கள் கைதட்டினார்கள் மச்சான். எனக்கு! பிள்ளைகளும் தட்டினார்கள், வகுப்பு இல்லை என்கிற சந்தோஷமாகவும் இருக்கலாம், அதையும் நான் என் கணக்கிலேயே சேர்த்துக்கொண்டேன்.

நேற்று சங்கக் கூட்டம். போட்டியை வேறு குளத்துக்கு மாற்றிவிட்டார்கள். எங்கள் குளத்தை நாலு மாதம் மூடி, கூரையில் கெட்ட உத்தரங்களை மாற்றி, காற்று போக வழி வைத்துக் கட்டப்போகிறார்கள். வேலை முழுவதையும் கண்காணிக்க ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. செயலாளரே என் பெயரை முன்மொழிந்தார். தேநீர் வேளையில் காலண்டர் தாளை எடுத்து, வெயிலில் விரிகிற இரும்பைப் பற்றி இன்ஜினியர் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவருக்குப் புரை ஏறிவிட்டது. யார் சொன்னது என்று கேட்டார். குடும்ப கௌரவம் கருதி, "ஒரு பெரியவர்" என்று மட்டும் சொன்னேன். போகிறபோக்கில் ஒரு யோசனை: நீங்கள் உங்கள் கையாலேயே நின்று கட்டிய அந்த மாடியறை, தகரக் கூரையும் இரும்புச் சட்டமும் போட்டது, அதையும் ஒரு சுத்தியலை எடுத்துக்கொண்டு போய்த் தட்டிப் பாருங்கள். எனக்கு இருக்கிற அனுபவத்துக்கு, அதன் கீழே ஒரு மணி நேரம் உட்காரச் சொன்னால்கூட நான் உட்காரமாட்டேன்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசி. எதையும் சுரண்டிப் பார்த்துவிட்டு நம்பச் சொல்லுங்கள். உங்கள் முழங்காலுக்கு என் அனுதாபம்.

இப்படிக்கு,
இருபத்தாறு வருடம் கேட்டுக்கொண்டிருந்த
உங்கள் மாப்பிள்ளை

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் இன்ஜினியர் அம்மா வந்தார். எங்கள் வீட்டுச் சமையலறைச் சுவரைச் சும்மா ஒருமுறை பார்த்தவர், ஏணி போட்டு ஏறி அதன் உச்சியில் ஒரே ஒரு தட்டுத் தட்டினார். பொத். பெருக்கல் குறி போட்ட உத்தரத்தின் மறுமுனை எங்கள் அடுப்புக்கு மேல்தான் உட்கார்ந்திருக்கிறதாம். நாளைக்குள் காலி செய்ய வேண்டும், நாலு மாதத்துக்கு. கண்காணிப்பாளர் என்கிற முறையில் உத்தரவில் நானே கையெழுத்துப் போட்டேன். உங்கள் தங்கை அதற்குள் உங்களுக்குப் போன் செய்துவிட்டாள். "வாங்க மாப்பிள்ளை, இதுக்கெல்லாம் கேக்கணுமா, மாடியறை சும்மாதானே கிடக்கு" என்று சொன்னீர்களாம். அதைக் கேட்டதும் இந்தக் கடிதத்தை முதலிலிருந்து மறுபடி படித்துப் பார்த்தேன் மச்சான். மேலே எழுதிய எதையும் நான் எழுதவில்லை என்று நினைத்துக்கொள்ளவும். கிழித்துப்போடலாம் என்றுதான் பார்த்தேன். ஜெயித்த கதையைக் கிழிக்கக் கை வரவில்லை. பெட்டியில் வைத்தால் உங்கள் தங்கை கண்ணில் பட்டுவிடும். ஆகவே தபாலில் போடுவதுதான் பத்திரம் என்று போடுகிறேன். நாங்கள் வியாழக்கிழமை வந்துவிடுவோம், இது வெள்ளிக்கிழமை வரும். தபால்காரர் மணியடித்தால் அந்த முழங்காலோடு நீங்கள் எழுந்திருக்க வேண்டாம். நான் போய் வாங்கிக்கொள்கிறேன்.